பூட்டிய வளவுக்குள் நாடகம் போட்ட கதை

செட்டிநாட்டில் ஒரு பூட்டிய வீட்டுக்குள் எங்கள் குழு நிகழ்வு செய்த செய்தி பரவியதிலிருந்து நாடகக்கார நண்பர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அங்கதான் அத்தனை வீடு சும்மா கிடக்கே, எங்களுக்கும் ஒண்ணு கிடைக்குமா?" கிடைக்கும். ஆனால் சும்மா கிடக்கிறது என்ற நினைப்போடு போனால் கிடைக்காது. போனில் எல்லோருக்கும் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது மதுரையிலிருந்து இயங்கும் சின்னக் குழு. மேடையில் போட்ட நாடகத்தைக் கொண்டுபோய்ப் பழைய வீட்டில் வைத்துப் போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. அந்த இடத்தில் மட்டுமே நடக்கக்கூடிய, வேறு எங்கும் தூக்கிப் போக முடியாத நிகழ்வு வேண்டும். 2012இல் கொச்சி பினாலே என்ற கலைக் கண்காட்சி தொடங்கியபோது ஆஸ்பின்வால் ஹவுஸ், பெப்பர் ஹவுஸ் என்று கடலோரத்துப் பழைய வாணிபக் கிடங்குகளைத் திறந்துவிட்டார்கள் இல்லையா, அப்போது பிடித்த ஆசை. நம் பக்கம் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று எங்கே போனாலும் தெருவுக்குத் தெரு இப்படிக் கட்டடம் நிற்கிறது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழிலும் வியாபாரமும் செய்ய, போனவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த வீடுகள். 1930களின் பொருளாதார மந்தம், 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தது, அப்புறம் அங்கே நிலமெல்லாம் அரசாங்கத்துக்குப் போனது என்று வரவு நின்றது. பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. அந்தப் பெருமையைச் சொல்லி யாரிடமும் சாவி வாங்க முடியாது என்பது வேறு விஷயம்.

முதலில் ஒரு தரகர் மூலம் போனோம். வீட்டைக் காட்டினார், நிலைக்கதவைக் காட்டினார், முன்பணமும் கேட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்று வந்து, மறுபடி போனபோது வளவில், அதாவது உள்முற்றத்தில், தூண்களே இல்லை. மரத்துக்கு விலை பேசி வாங்கியவர்கள் உத்தரத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் கோபப்பட்டு என்ன செய்வது, விற்றவர்களுக்கு அவர்கள் கஷ்டம். தரகர் சகவாசம் அன்றோடு முடிந்தது.

வீடு யாருடையது என்று கேட்டால் ஊரில் உடனே பதில் வரும், "இன்னார் வீடு" என்று. அந்த இன்னார் இறந்து எண்பது வருடம் ஆகியிருக்கும். இந்த வீடுகளின் கணக்கைப் புரிந்துகொண்டால்தான் மேலே போக முடியும். திண்ணை, முகப்பு தாண்டினால் வளவு. வானம் பார்த்த வாசல், சுற்றிலும் பத்தி என்னும் தாழ்வாரம், அதை ஒட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை பாத்தியம். அவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. அந்த மகனுக்கு மூன்று மகன்கள் என்றால் அறை ஒன்றுதான், பங்கு மூன்று. இப்படியே நாலு தலைமுறை இறங்கினால், வளவும் முகப்பும் எல்லோருக்கும் பொது, அறைச் சாவி மட்டும் ஆளுக்கொரு ஊரில். ஒருவர் சரி என்றால் போதாது. ஒருவர் முடியாது என்றால் போதும்.

பங்காளிகளைக் கண்டுபிடிக்க எனக்கு வழி சொன்னவர் காரைக்குடியில் மளிகைக்கடை வைத்திருக்கும் பெரியவர். இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தாரில், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களில், ஒவ்வொரு குடும்பமும் ஒரு நகரக் கோயிலைச் சேர்ந்தது. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று மொத்தம் ஒன்பது. கல்யாணமானதும் கோயிலில் புள்ளி பதிவார்கள், புள்ளிவரி கட்டுவார்கள். அமெரிக்காவில் இருந்தாலும் வரி வந்துவிடும். ஆகவே வீட்டுக்காரர்கள் எந்தக் கோயில் என்று தெரிந்தால் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது கோயிலில் தெரியும். முன்பின் தெரியாத என்னிடம் போன் நம்பரைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. அந்தப் பெரியவரே பேசினார். "நம்ம பக்கத்துப் பிள்ளைதான், கூத்துக் கட்டுது, வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது." நாங்கள் நாலு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்த திட்ட அறிக்கையை யாருமே படிக்கவில்லை. இந்த ஒரு வரிதான் வேலை செய்தது.

அப்புறம் வாட்ஸப் குழு. பங்காளிகளுக்கென்று ஏற்கெனவே ஒரு குழு இருந்தது, என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். "ஷூட்டிங்கா?" என்பதுதான் முதல் கேள்வி. இதில் ஒரு சிக்கல் உண்டு. சினிமாக்காரர்கள் வந்துபோன ஊர் என்பதால் கேமரா வாடகை எல்லோருக்கும் தெரியும். நாடகம் என்று சொன்னாலும் அந்த ரேட்தான் மனதில் ஓடும். டிக்கெட் கிடையாது, கேமரா கிடையாது, பார்க்க வருகிறவர்களில் பாதி உங்கள் ஊர்க்காரர்கள் என்று ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொன்னேன். சிங்கப்பூரிலிருந்து ஒருவர், யாராவது மாடியிலிருந்து விழுந்தால் கேஸ் யார் மேல் என்று கேட்டார். நியாயமான கேள்வி. பொறுப்பு எங்களுடையது என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். சிலர் பார்த்துவிட்டுப் பதிலே போடவில்லை. நீல டிக் விழுந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் எல்லோரிடமும் வாயால் கேட்டு வாங்கினேன், அதற்குத்தான் அதிக நாள் ஆனது.

கடைசிச் சம்மதம் ஓர் ஆச்சியிடமிருந்து வர வேண்டியிருந்தது. குடும்பத்தில் மூத்தவர், இரண்டு தெரு தள்ளிச் சின்ன வீட்டில் இருக்கிறார், முகப்புச் சாவி அவர் இடுப்பில்தான். எங்கள் பிரதியில் பின்கட்டில் ஒரு ஒப்பாரி இருந்தது. எங்கள் குழுவில் ஒருவர் அற்புதமாகப் பாடுவார், அதை வைத்துத்தான் முழு நிகழ்வையும் கட்டியிருந்தோம். ஆச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏனாத்தா, பிள்ளைக கல்யாணம் பண்ற வீடு. சாவு விழாத வீட்டுல ஒப்பாரி வைக்கப் போறீகளா?" நான் கலை, குறியீடு என்று ஏதோ ஆரம்பித்தேன். "அதெல்லாம் இருக்கட்டும். ஒப்பாரி வேண்டாம்" என்று முடித்துவிட்டார். சாமி அறைப் பக்கம் போகக் கூடாது, செருப்போடு வளவில் இறங்கக் கூடாது, சுண்ணாம்பு இழைத்த சுவரில் ஆணி கூடாது என்பவையும் சேர்ந்தே வந்தன.

எனக்குப் பாழடைந்த வீடாகத் தெரிந்தது அவருக்கு அடுத்த கல்யாணத்துக்குக் காத்திருக்கும் வீடு. இப்போதும் கல்யாணம், சாந்தி (அறுபது, எண்பது வயது விழா), படைப்பு (முன்னோருக்குப் படையல்) என்றால் பங்காளிகள் வந்து திறக்கிறார்கள். கார்த்திகை தீபம் கழிந்து இருபத்தோராம் நாள் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கும் சடங்குக்கும் வருகிறவர்கள் உண்டு. பாழடைந்த இடம் என்றதுமே பேய், அழுகை, கிழிந்த சேலை என்று யோசிப்பது நம் நாடகக்காரர்களின் பழக்கம். வெளியூர்க்காரன் கண்ணுக்குத்தான் அது பாழ்.

ஒப்பாரியை எடுத்தபின் அந்த இடத்தில் என்ன வைப்பது? பதில் ஆச்சி வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது: ஒரு கல்யாணத்துச் சீர் சாமான் பட்டியல், நோட்டுத் தாளில் மை மங்கிப்போய். அதை வாங்கி நகல் எடுத்துக்கொண்டோம். சாமான்கள் இப்போது வீட்டில் இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போனால் பார்க்கலாம், தூக்குகளிலும் அண்டாக்களிலும் யார் யாருடைய விலாசமோ வெட்டியிருக்கும். பாத்திரம் எங்கோ போய்விட்டது, பட்டியல் இருக்கிறது. காலி அறையில் உட்கார்ந்து நடிகை அந்தப் பட்டியலை வாசிப்பது என்று முடிவு செய்தோம். பெட்டியில் ஒரு சம்பளச் சீட்டும் இருந்தது. அக்கரைக் கடைக்கு, அதாவது பர்மா, மலேயாப் பக்கக் கடைக்கு, வேலைக்குப் போகிறவருக்கு முதலாளி எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம், இத்தனை வருடம், இவ்வளவு சம்பளம் என்று. அது முகப்புக்கு. பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் எடுபிடியாக, போகிறவனாக ஒரு நடிகர் அதை மனப்பாடம் செய்துகொண்டிருப்பார், பார்வையாளர்கள் அவரைக் கடந்து உள்ளே வருவார்கள்.

கட்டடத்தைப் பார்க்க ஒரு கொத்தனாரை அழைத்துப் போனோம். சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதானவர். கம்பி வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்தார். சுவர் நன்றாக இருக்கிறது, மச்சுதான் மோசம் என்றார். தளத்தில் மழைநீர் போகும் துவாரம் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கிக் கட்டையின் நுனி சுவருக்குள்ளேயே உளுத்துப்போகுமாம், வெளியிலிருந்து தெரியவே தெரியாது. மாடியை மறந்துவிட்டோம். இரண்டாம் கட்டில் ஒரு பத்தி மேல் பாரம் கூடாது என்றார், அந்தப் பக்கம் கயிறு கட்டினோம். ஒரு காட்சிக்கு நாற்பது பேருக்கு மேல் வேண்டாம் என்பதும் அவர் கணக்குதான். இந்தச் செலவில் மிச்சம் பிடிக்காதீர்கள். வௌவால் வாடைக்கு வழியே இல்லை, பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

சுவர் பற்றி ஒன்று. முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, கைவைத்தால் இன்றும் பளிங்கு. அதில் டேப் ஒட்டிப் பிய்த்தால் நூறு வருடத் தோல் கூடவே வரும். விளக்கு, துணி எல்லாவற்றையும் ஏற்கெனவே இருந்த ஊஞ்சல் கொக்கிகளிலும் தூண்களிலும் கயிற்றால்தான் கட்டினோம். நெருப்பு அறவே இல்லை, காய்ந்த தேக்கு அது. மின் இணைப்பு எப்போதோ துண்டித்தாகிவிட்டது. பேட்டரி விளக்கு, மீதிக்குச் சூரியன். மாலை நாலரைக்கு ஆரம்பித்தால் வளவு வாசலில் விழும் வெயில் கிழக்குப் பத்தித் தூண்களில் மெல்ல ஏறிப் போகும். அதைப் பார்த்து நேரம் குறித்தே காட்சிகளை அடுக்கினோம்.

காவல் நிலையத்தில் தகவல் கடிதம் கொடுத்தோம். பிரதியைக் கொடுங்கள், படித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் ஓர் அதிகாரி. அப்படிப் பிரதி கேட்க இடம் கொடுத்த 1954ஆம் வருட நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தை, 'பரீக்ஷா' நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாது என்று சொல்லிவிட்டது. அந்தச் செய்தியின் நகலைக் கையில் வைத்திருங்கள், குரலை உயர்த்தாமல் நீட்டுங்கள். ஒலிபெருக்கி வைத்தால் தனியாக அனுமதி வேண்டும். நாங்கள் வைக்கவில்லை. வளவில் பேச்சு மேலே போய்விடும் என்று பயந்தோம், ஆனால் பட்டாலை என்னும் கூடத்தில் சாதாரணமாகப் பேசினாலே எதிர்ப் பத்தி வரை கேட்டது. பஞ்சாயத்துத் தலைவரிடம் வாயால் சொன்னதோடு சரி.

காட்சி அன்று திண்ணையிலிருந்தே ஊர்க்காரர்கள் வந்து நிறைந்துவிட்டார்கள். சீர் பட்டியல் அறையில் நடிகை வாசித்துக்கொண்டிருந்தார்: "வெங்கல அண்டா ஒண்ணு. பித்தளைத் தவலை ரெண்டு. மங்குத் தூக்கு..." (மங்கு என்றால் எனாமல் பூசிய பாத்திரம்.) வாசல்படியில் நின்ற ஆச்சி குறுக்கே புகுந்தார். "மங்கு பச்சைக் கரை. அது இங்க இல்ல, அடுத்த அறைல மேல் பரண்ல." நடிகை திரும்பி, "எத்தனை ஆச்சி?" என்று கேட்டுவிட்டார். ஒரு டஜன் என்றார் ஆச்சி, இரண்டை யார் இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். அந்த இரண்டை வாங்கிப்போன வீட்டுக்காரராம். மறுநாள் காட்சிக்கு அந்த அறையில் ஒரு முக்காலி போட்டு ஆச்சிக்கென்றே இடம் வைத்தோம். அவர் வந்தார், முந்தின நாள் சொன்னதைத் திருப்பிச் சொல்லவில்லை, பட்டியலில் வேறொரு சாமானைப் பிடித்துக்கொண்டார். இதை வேறொரு வீட்டில் என்னால் செய்ய முடியாது.

காசு விஷயம். பெங்களூரில் இருக்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் மாதிரி அமைப்புகள் கலைஞர்களுக்கு நல்கை தருகின்றன, விண்ணப்பிக்கலாம். ஆனால் பொதுவாக நல்கைக்கு எழுதும்போது இடம் எது என்று கேட்பார்கள், இடத்தில் போய்க் கேட்டால் பணம் இருக்கிறதா என்பார்கள். நாங்கள் கைக்காசும் நண்பர்கள் காசும் போட்டுத்தான் செய்தோம். வாடகை வாங்கமாட்டோம் என்று பங்காளிகள் சொல்லிவிட்டதால், பதிலுக்கு வீட்டைச் சுத்தம் செய்து கொடுத்தோம். தேங்கிய குப்பையை அள்ளி, தளத்தில் ஒழுகும் ஓட்டையை அடைத்து, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தபோது கீழே சிவப்பும் பச்சையும் வந்தன. பாரம்பரிய விடுதிகளாக மாறிய வீடுகளிலும் நிகழ்ச்சிக்கு ஆள் தேடுகிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் முக்கால் மணி நேரம் ஆடச் சொல்வார்கள். பணம் வரும், தப்பில்லை, நான் சொல்லும் வேலை அது இல்லை.

கேட்கப் போகிறவர்கள் வீட்டில் விசேஷம் நடக்கும் சமயம் பார்த்துப் போங்கள். எல்லாப் பங்காளிகளும் ஒரே இடத்தில் இருப்பார்கள், வீடு வெள்ளையடித்துச் சுத்தமாக இருக்கும், எல்லா அறையும் திறந்திருக்கும். பள்ளத்தூர்ப் பக்கம் இன்னொரு வீட்டுக்கு இப்போது நாங்கள் முயற்சி செய்கிறோம். ஆவணியில் அங்கே ஒரு சாந்தி இருக்கிறது. ஆச்சி கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார், ஒரு நிபந்தனையோடு: "பந்திக்கு முன்னாடி வாயத் தொறக்காத. எல்லாரும் சாப்புட்டு வெத்தலை போட்டப்புறம் நான் சொல்றேன், அப்பப் பேசு."