பழைய பிக்கப்பின் பிரேக் கட்டையாகிவிட்டதா? பூஸ்டரை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

குளிர்நாடுகளில் குடியேறிய நம்மவர்களில் பலர் கொஞ்ச காலத்திலேயே பழைய பிக்கப் ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். வீடு மாற்ற, தோட்ட வேலைக்குப் போக, பனி தள்ள என்று அதற்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். ஆனால் அது பல குளிர்காலங்கள் உப்புத் தூவிய சாலையில் ஓடிய வண்டி. இன்ஜின் திடமாக இருந்தாலும் பிரேக் முரண்டு பிடிக்க ஆரம்பித்திருக்கும். பெடல் கட்டையாக இருக்கிறது என்று மெக்கானிக்கிடம் சொல்லி வாய் மூடுமுன் "பூஸ்டர் போயிடுச்சு, மாத்திடுங்க" என்பார்கள். மிதிக்கும் பலத்தை இன்ஜினின் வேக்குவத்தால், அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பால், கூட்டித் தரும் பாகம்தான் பூஸ்டர். புது பூஸ்டர் போட்ட பிறகும் பெடல் அதே கட்டையாக நின்றால் கோளாறு ஒரு ரப்பர் ஹோஸிலோ சின்ன பிளாஸ்டிக் வால்விலோ இருந்திருக்கும். காசைக் கொடுப்பதற்கு முன் காலாலேயே பார்த்துவிடக்கூடிய விஷயம் இது.

மிதிக்கும்போது பெடல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பலம் முழுவதையும் போட்டாலும் இறங்காமல் நின்றால் பவர் உதவி வரவில்லை. வேக்குவம், செக் வால்வு (வேக்குவம் திரும்பிப் போகாமல் தடுக்கும் ஒருவழி வால்வு), பூஸ்டர் பக்கம் தேட வேண்டும். பஞ்சு போல அமுங்கினால் லைனில் காற்று. மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழே போனால் மாஸ்டர் சிலிண்டரின் (மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் பாகம்) உள் சீல் விட்டிருக்கிறது, அல்லது எங்கோ வெளியே ஒழுகுகிறது. பாதி தூரம் வெறுமனே இறங்கி, இரண்டாவது மிதியில் மேலே வந்தால் பின் டிரம்மின் ஷூ இடைவெளி கூடிவிட்டது. கட்டையான பெடலைத் தவிர மற்ற எதற்கும் பூஸ்டரைக் குற்றம் சொல்ல அவசரப்பட வேண்டாம்.

சோதனை இப்படி. இன்ஜினை அணைத்து, பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள். பூஸ்டரில் தேங்கிய வேக்குவம் தீர்ந்து பெடல் கட்டையாகும். மிதமாக மிதித்துப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பூஸ்டர் வேலை செய்தால் பெடல் காலுக்கடியில் சற்றே இறங்கும். இறங்காவிட்டால் உதவி வரவில்லை. அடுத்து, இன்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, சில நிமிடம் பொறுத்து மிதியுங்கள். முதல் இரண்டு மூன்று மிதி லேசாக இருந்து பிறகு படிப்படியாக இறுகினால் வேக்குவம் உள்ளே நிற்கிறது. முதல் மிதியே கட்டை என்றால் எங்கோ கசிந்துவிட்டது. கடைசியாக, இன்ஜின் ஓடும்போது பெடலைப் பிடித்துக்கொண்டு டாஷ்போர்டுக்கு அடியில் காதைக் கொடுங்கள். மிதிக்கும் கணத்தில் 'உஸ்' என்று காற்று போவது இயல்பு. பிடித்திருக்கும்போதும் அது ஓயாமல், கூடவே இன்ஜின் ஐட்லிங்கும் தடுமாறினால் பூஸ்டர் உள்ளே கசிகிறது, அதிலுள்ள ரப்பர் திரையான டயஃப்ரம் கிழிந்திருக்கலாம்.

அந்தக் கடைசி அறிகுறி இல்லையென்றால் பூஸ்டரில் கை வைக்காமல் வேக்குவம் கேஜை எடுங்கள். பூஸ்டருக்குப் போகும் ஹோஸின் முனையில் மாட்டிப் பார்த்தால், நல்ல பெட்ரோல் இன்ஜின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குல பாதரச அளவு காட்டும். மலைப்பாங்கான ஊரில் உயரம் 1000 அடி கூடும்போது ஏறக்குறைய 1 அங்குலம் குறையும், அது கோளாறு அல்ல. இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டில் சரியாகவும் ஹோஸ் முனையில் குறைவாகவும் இருந்தால் ஹோஸ்தான். இரண்டு இடத்திலும் குறைவென்றால் இன்ஜின் பக்கம் போக வேண்டும்: இன்டேக் கேஸ்கெட் கசிவு, டைமிங் பின்தங்கியது, வால்வு சரியாக உட்காராதது.

பழைய ஹோஸ் குளிரில் இறுகி, கிளாம்ப் பிடித்த இடத்தில் வெடித்துவிடும். இன்னொரு வகை மோசமானது: வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது, உள் அடுக்கு உரிந்து, உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும். மாற்றும்போது வேக்குவத்துக்கென்றே செய்த ஹோஸ் போடுங்கள். கையில் கிடைத்த சாதாரண ஹோஸ் சப்பையாகிவிடும். செக் வால்வு பூஸ்டரின் முகத்தில் ரப்பர் கிராமெட்டில் செருகியிருக்கும். கழற்றி, இன்ஜின் பக்க முனையில் வாய் வைத்து உறிஞ்சினால் காற்று வர வேண்டும், ஊதினால் போகக் கூடாது. இரண்டு பக்கமும் போனால் வால்வு போய்விட்டது. கிராமெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். வெடித்த கிராமெட் புது வால்வையும் வீணாக்கும்.

டீசல் பிக்கப் என்றால் கதை வேறு. டீசல் இன்ஜினில் இந்த அளவு மேனிஃபோல்ட் வேக்குவம் கிடைக்காது. தனியாக ஒரு வேக்குவம் பம்ப் இருக்கும், அல்லது பவர் ஸ்டியரிங் பம்பின் ஆயில் அழுத்தத்தால் உதவி தரும் ஹைட்ரோபூஸ்ட் இருக்கும். ஹைட்ரோபூஸ்டில் பெரிய வட்ட டப்பா தெரியாது. மாஸ்டர் சிலிண்டருக்குப் பின்னால் பவர் ஸ்டியரிங் ஹோஸ்கள் வந்து சேரும் இரும்புக் கட்டி ஒன்று இருக்கும். இதில் பிரேக்கோடு ஸ்டியரிங்கும் கனத்தால் முதலில் பம்பின் பெல்ட்டையும் ஆயில் அளவையும் பாருங்கள். ஸ்டியரிங் லேசாக இருந்து, இன்ஜினை அணைத்த பிறகு ஒரு மிதிகூட லேசாகக் கிடைக்காவிட்டால், அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்யுமுலேட்டர் போயிருக்கிறது. அதற்குள் அதிக அழுத்தம் அடைபட்டிருக்கும், கழற்றும் வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவது நல்லது. ஸ்டியரிங் ஆயில் ஒரு சொட்டுகூட பிரேக் ஆயில் டப்பாவில் விழக்கூடாது. விழுந்தால் ரப்பர் சீல்கள் ஊதிப்போய், மாஸ்டர் சிலிண்டர் முதல் சக்கரம் வரை ரப்பர் உள்ள எல்லாவற்றையும் மாற்ற நேரிடும்.

பூஸ்டர்தான் என்று உறுதியானால், அது ஏன் போனது என்று பார்க்காமல் புதியதைப் போடாதீர்கள். மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றி, லைன் மடங்காமல் சற்று முன்னால் இழுங்கள். அது பூஸ்டரோடு சேரும் முகத்தில் விரல் வைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்து, கீழே பெயின்ட் கொப்பளித்து உரிந்திருந்தால் பின் சீல் வழியாகப் பிரேக் ஆயில் பூஸ்டருக்குள் இறங்கி டயஃப்ரத்தைக் கெடுத்திருக்கிறது. தரையில் ஒழுகல் இல்லாமலே டப்பாவில் ஆயில் குறைவதும், சில வேளை சைலன்சரில் வெள்ளைப் புகை வருவதும் இதனால்தான். அப்போது இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

பல பிக்கப்புகளில் பூஸ்டரை நான்கு நட்டுகள் ஃபயர்வாலில் (இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் தகடு) பிடித்திருக்கும், டாஷ்போர்டுக்கு அடியில் படுத்துத்தான் எட்ட முடியும். பெடல் பின்னில் கிளிப்போடு பிரேக் லைட் சுவிட்சும் இருக்கும்; அதை இருந்தபடியே திரும்ப மாட்டுங்கள். புது பூஸ்டரில் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் தண்டான புஷ்ராடின் நீளத்தைப் பழையதோடு ஒப்பிட்டு அளப்பதைத் தவிர்க்கவே கூடாது. நீளம் கூடினால் பிரேக் முழுவதும் விடாமல் சக்கரம் சூடாகும், குறைந்தால் பெடல் வெறுமனே இறங்கும்.

லைன்களில் ஸ்பேனர் வைக்கும்போது ஒரு எச்சரிக்கை. நாம் மில்லிமீட்டரில் பழகியவர்கள். பழைய அமெரிக்க பிக்கப்பில் அங்குல நட்டுகளும் மில்லிமீட்டர் நட்டுகளும் கலந்தே இருக்கும். 3/8 அங்குல நட்டில் 10 மி.மீ. ஸ்பேனர் நுழையும், திருகினால் முனை மழுங்கிவிடும். சரியான அளவில் ஃப்ளேர் நட் ஸ்பேனர் வாங்குங்கள், முந்தைய நாளே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வையுங்கள். சேசிஸ் ஓரம் போகும் இரும்பு லைன் துருவில் கொப்பளித்திருந்தால் நிக்கல்-செம்புக் குழாய் போடுவதே மேல். பெரும்பாலும் 3/16 அங்குலம் சரியாக இருக்கும். அது உப்புக்கு அரிக்காது, கையாலேயே வளையும். பழைய குழாயின் விரிந்த முனை டபுள் ஃப்ளேரா, பபிள் ஃப்ளேரா என்று பார்த்து அதே மாதிரி செய்ய வேண்டும். கம்ப்ரஷன் ஃபிட்டிங் போட்டு ஒட்டு வேலை செய்வது பிரேக் லைனில் கூடவே கூடாது.

காற்றை எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் புதிதென்றால் வண்டியில் பூட்டுமுன்பே வைஸில் பிடித்து அதன் காற்றை எடுத்துவிடுங்கள். பிறகு, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்குவது வழக்கம்: இடது ஸ்டியரிங் வண்டியில் வலது பின், இடது பின், வலது முன், இடது முன். உங்கள் வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதுவே சரி. சக்கரத்தில் காற்றை வெளியேற்றும் திருகான பிளீடர் திறந்திருக்கும்போது பெடலை விடக்கூடாது, டப்பா காலியாகவும் கூடாது. மாஸ்டர் சிலிண்டர் பழையதாகவே இருந்தால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். இதுவரை பிஸ்டன் போகாத அடிப்பகுதியில் துரு படிந்திருக்கும். அங்கே தள்ளினால் நல்ல சீலும் கிழியும். மூடியில் எழுதியிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 ஆயிலையே, சீல் பிரிக்காத டப்பாவிலிருந்து ஊற்றுங்கள். திறந்து வைத்தது ஈரத்தை உறிஞ்சியிருக்கும்: டாட் 3 ஆயில் புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. சுமையோடு நீண்ட இறக்கத்தில் பெடல் தொய்வது இதனால்தான்.

வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்தாமல் முதல் சோதனையை மறுபடி செய்யுங்கள். பெடல் உயரமாக நின்று, ஸ்டார்ட் செய்ததும் இறங்கினால் காலியிடத்தில் நடை வேகத்தில் ஓட்டி நிறுத்திப் பாருங்கள். பிறகு நான்கு சக்கரத்துக்கும் அருகில் கை கொண்டுபோய்ப் பாருங்கள், ரிம்மைத் தொட வேண்டாம். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அந்தப் பக்க ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி ஆயிலைத் திரும்ப விடாமல் பிடித்திருக்கலாம். பிளீடரைத் திறந்ததும் சக்கரம் விடுபட்டால் ஹோஸ் அல்லது அதற்கு முந்தைய லைன், அப்போதும் இறுகியே இருந்தால் காலிப்பர் அல்லது வீல் சிலிண்டர்.