டான் செர்ரியின் பிசிறு

பள்ளி பேண்டு குழுவில் மூன்று வருடம் ட்ரம்பெட் ஊதியவன் நான். அதில் விரல்களுக்கு வேலை குறைவு, வால்வுகள் மூன்றுதான். ஒரே பிடியில் நாலைந்து சுரங்கள் ஒளிந்திருக்கும். எது வெளியே வரவேண்டும் என்பதை உதடுதான் முடிவு செய்யும். உதடு சற்றுத் தளர்ந்தால் சுரம் வழுக்கிப் பக்கத்துச் சுரத்தில் போய் இடித்துக்கொள்ளும். அதைப் 'பிசிறு' என்பார் எங்கள் மாஸ்டர். குடியரசு தின அணிவகுப்பில் நான் அடித்த பிசிறுக்காக இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதனால்தான் அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் டான் செர்ரியை முதன்முதலில் கேட்டபோது எரிச்சல் வந்தது. இவரும் பிசிறடிக்கிறார், மறைக்கக்கூட முயலவில்லை!

ஓக்லஹோமா நகரில் பிறந்து, லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் வளர்ந்தவர். அவர் இடம்பெற்ற ஆர்னெட் கோல்மனின் நால்வர் குழு நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் முதலில் மேடையேறியது 1959 நவம்பர் 17 அன்று. மறுநாள் செர்ரிக்கு 23 வயது. கோல்மன் கையில் வெள்ளை பிளாஸ்டிக் சாக்ஸபோன். செர்ரி கையில் குட்டி ட்ரம்பெட். தாங்கிப் பிடிக்கப் பியானோவும் கிடையாது. கேட்டவர்கள் இரண்டு கட்சியானார்கள். நான் அங்கே இருந்திருந்தால் மாஸ்டர் கட்சியில்தான் சேர்ந்திருப்பேன். (அந்தக் குட்டி ட்ரம்பெட் பொம்மையல்ல. பெரியதில் உள்ள அதே ஒன்றரை மீட்டர் குழாய்தான்; இறுக்கிச் சுருட்டியிருக்கிறார்கள்.)

என் மனம் மாறியது செர்ரியின் 'கம்ப்ளீட் கம்யூனியன்' இசைத்தட்டைக் கேட்டபோது. 1965 டிசம்பர் 24-இல் பதிவானது. இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே ஓட்டம். உள்ளே நான்கு மெட்டுகள். எழுதிய மெட்டு எங்கே முடிகிறது, கற்பனை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. காட்டோ பார்பியேரியின் சாக்ஸபோன் கத்திக்கொண்டிருக்கும்போது செர்ரி பழைய மெட்டின் நுனியை மட்டும் லேசாக ஊதுவார். உடனே எட் பிளாக்வெல்லின் டிரம்ஸ் உட்பட எல்லோரும் அந்த மெட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அந்த நுனி பெரும்பாலும் பிசிறோடுதான் வரும். சுத்தமாக ஊதியிருந்தால் அதட்டல் போல இருந்திருக்கும். இது கூப்பிடுவது போல இருக்கிறது.

ஹெராயின் பழக்கம் அவரை நெடுங்காலம் வாட்டியது. 1970-இல் மனைவி மோக்கியோடு தெற்கு ஸ்வீடனில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தை வீடாக்கிக்கொண்டார். மோக்கி தைத்த வண்ணத் துணிகள் மேடைக்குப் பின்னால் தொங்கும். செர்ரி குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருவார். பிறகு, சிதாரும் தபலாவும் வாசித்த காலின் வால்காட், பிரேசிலின் நானா வாஸ்கான்செலோஸ் ஆகியோருடன் 'கோடோனா' என்ற மூவர் குழு. 1995-இல் ஸ்பெயினின் மலாகாவில் இறந்தார், 58 வயதில்.

நேற்றிரவு பரணிலிருந்து என் ட்ரம்பெட்டை இறக்கினேன். இரண்டாவது வால்வு இறுகிக் கிடக்கிறது. மற்ற இரண்டை வைத்து அந்த மெட்டின் நுனியை ஊதிப் பார்த்தேன். பிசிறு மட்டும் சரியாக வந்தது.