ஆறாம் தொகுதியைத் தேடி

இங்கிலாந்தில், நம் மாவட்டம் போன்ற கென்ட் கவுன்டியின் வடபகுதியில் உள்ள ஃபேவர்ஷம் என்ற சிற்றூருக்கு வேலை நிமித்தமாகக் குடிவந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து போகையில் ஒரு பழைய வெடிமருந்து ஆலையைக் கண்டேன். சார்ட் ஆலை என்று பெயர். பூட்டிய வாசலில் நின்று, இங்கே வேலை பார்த்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நாயோடு வந்த பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். என் கேள்விகளைக் கேட்டுவிட்டு, "ஹேஸ்டெட்டில் இருக்கும், ஆறாம் தொகுதி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆறாம் தொகுதி என் கைக்கு வந்து சேர ஒன்பது ஆண்டுகள் ஆயின.

எட்வர்ட் ஹேஸ்டெட் கென்ட் முழுவதையும் ஊர் ஊராக எழுதிவைத்தவர். முதல் பதிப்பு 1778 முதல் 1799 வரை நான்கு பெரிய தொகுதிகளாக வந்தது. இரண்டாம் பதிப்பைக் கேன்டர்பரியில் பிரிஸ்டோ என்ற அச்சகத்தார் 1797 முதல் 1801 வரை 12 சிறிய தொகுதிகளாக வெளியிட்டார்கள். இந்த நூலுக்காகத் தன் சொத்தைக் கரைத்த மனிதர் ஹேஸ்டெட். கடன்காரர்களுக்குப் பயந்து 1790ல் பிரான்ஸுக்குப் போனார். 1795ல் திரும்பி வந்தவரைக் கடன் வழக்கில் பிடித்து லண்டன் கிங்ஸ் பெஞ்ச் சிறையில் அடைத்தார்கள். 1802 வரை உள்ளே இருந்தார். ஆண்டுகளை ஒப்பிட்டுப் பாருங்கள்: முதல் பதிப்பின் கடைசித் தொகுதியும் இரண்டாம் பதிப்பின் 12 தொகுதிகளும் அவர் சிறையில் இருந்தபோதுதான் வெளிவந்தன. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் புத்தகங்களை வெறும் பழம்பொருளாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

கென்ட் பற்றிய பழைய நூல்களில் எதைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கவே ஓராண்டு போயிற்று. இங்கிலாந்தில் முதன்முதலாக அச்சான கவுன்டி வரலாறு 1576ல் வந்தது. வில்லியம் லம்பார்ட் எழுதிய அதுவும் கென்ட்டைப் பற்றியதுதான். அதன் மூலப் பதிப்பை நினைத்துப் பார்க்கும் வசதி எனக்கு இல்லை. ஹேஸ்டெட்டின் நான்கு பெருந்தொகுதிகளும் அப்படியே. இரண்டாம் பதிப்பு கைக்கு அடக்கமானது. ஊர்களின் மண், நீர், காட்சி பற்றிய விவரிப்பும் அதில் கூடுதல். முழுத் தொகுப்பாக வாங்கினால் விலை அதிகம். உதிரித் தொகுதிகளாக வாங்கினால் மாதச் சம்பளக்காரன் தாங்கிக்கொள்ளலாம். அந்த வழியைத்தான் எடுத்தேன்.

படிக்க மட்டும் வேண்டுமென்றால் பழைய அச்சு தேவையே இல்லை. 1972ல் மறுபதிப்பு வந்திருக்கிறது. முழுப் பாடமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சேகரிக்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். மூலப் பிரதியை வாங்குவதற்கு வேறு காரணம் வேண்டும். பழந்துணிக் கூழில் செய்த அந்தத் தாள் இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் மொடமொடப்பாக இருக்கிறது. ஓரங்களில் யார் யாரோ கிறுக்கிய குறிப்புகள் இருக்கின்றன. என் காரணம் அது.

முதலில் வாங்கியது மூன்றாம் தொகுதி, 45 பவுண்டு. அட்டை கழன்றிருந்தது, அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. பக்கங்களைப் புரட்டியபோதுதான் கை நடுங்கியது. அந்தக் கால நூல்களில் பக்கத்தின் அடியில் சின்னதாக ஓர் எழுத்து இருக்கும். புத்தகம் கட்டுபவர் மடிப்புகளை, அதாவது பெரிய தாளை மடித்துச் செய்த பக்கக் கட்டுகளை, வரிசைப்படுத்துவதற்கான அடையாளம் அது. பி, சி, டி என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ஐ எழுத்துக்குப் பிறகு கே வந்துவிட்டது. நடுவில் ஒரு மடிப்பு முழுவதும், அதாவது 16 பக்கம், போய்விட்டது என்று நினைத்துத் திருப்பி அனுப்பக் கடிதம்கூட எழுதிவிட்டேன். அனுப்பும் முன் பக்க எண்களைப் பார்த்தேன், ஒன்றும் விடுபடவில்லை. அச்சகத்தார் வரிசைக்கு 23 எழுத்துகளையே பயன்படுத்தினார்கள் என்பதும், ஜே எழுத்து அதில் கிடையாது என்பதும் பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து எழுத்து வரிசை, பக்க எண், பக்கக் கடைசியில் அச்சாகியிருக்கும் அடுத்த பக்கத்தின் முதல் சொல் ஆகிய மூன்றையும் ஒன்றுக்கொன்று ஒத்துப் பார்க்காமல் நான் எந்த நூலையும் அலமாரியில் வைப்பதில்லை. ஒரு தொகுதிக்கு ஒரு மாலை முழுவதும் ஆகும். ஆகட்டும்.

வரைபடங்களுக்கு இந்தச் சோதனை போதாது. அவை தனியாக அச்சடித்து இடையில் சேர்க்கப்பட்டவை. பக்க எண் இருக்காது. போனாலும் தெரியாது. கென்ட் அந்தக் காலத்தில் ஹண்ட்ரட் என்ற பிரிவுகளாக இருந்தது; நம் பழைய கூற்றம், நாடு போல. அந்தப் பிரிவுகளின் மடிப்பு வரைபடங்கள்தான் இந்த நூலின் அழகு. அவற்றை வெட்டியெடுத்துச் சட்டம் போட்டு விற்பதற்கென்றே புத்தகங்களை உடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். படம் பணமாகிறது, மிஞ்சிய உடல் உதிரித் தொகுதியாகச் சந்தைக்கு வருகிறது.

இதில் நான் அடிபட்டிருக்கிறேன். ஓர் ஏலத்தில் ஐந்து தொகுதிகள் ஒன்றாக வந்தன. பட்டியலில் விவரத்தின் கடைசியில் டபிள்யூ.ஏ.எஃப். என்று மூன்றெழுத்து. உள்ள குறைகளோடு விற்கப்படுகிறது, திருப்பித் தர முடியாது என்று பொருள். தெரிந்தேதான் கேட்டேன், குறை என்றால் தோல் கிழிந்திருக்கும் என்று நினைத்தேன். சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் ஏலக்காரர் பங்கு 25 விழுக்காடு, அந்தப் பங்குக்கு வரி வேறு. வீட்டுக்கு வந்த ஐந்து தொகுதிகளில் நான்கில் வரைபடங்கள் முழுதாக இல்லை. கூரிய கத்தியால் ஓரத்தை ஒட்டி அறுத்திருந்தார்கள். நூலின் முதுகுக்குள் அறுபட்ட தாளின் விளிம்பு மயிரிழையாக நின்றது. பணம் போனதைவிட அந்த விளிம்பைப் பார்த்ததுதான் பல நாள் வலித்தது. நல்ல பிரதி கிடைக்கும்போதெல்லாம் அந்த நான்கில் ஒன்றை மாற்றினேன். மூன்றை இப்படி மாற்ற ஆறாண்டு பிடித்தது. இப்போது மெய்ட்ஸ்டனில் கவுன்டி நூலகப் பிரதியைப் பார்த்து எழுதிய வரைபடப் பட்டியல் கையில் இல்லாமல் எதற்கும் விலை பேசுவதில்லை. தொலைவில் இருக்கும் கடைக்காரரிடம், ஒவ்வொரு வரைபடத்தையும் விரித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். நேர்மையானவர் உடனே அனுப்புவார்.

படித்தேனா என்று கேட்பவர்களுக்கு: படித்தேன், மெதுவாக. ஹேஸ்டெட் எழுதும் முறை நம் வில்லங்கச் சான்றிதழைப் போன்றது. இந்த நிலம் இன்னாரிடம் இருந்தது, மகளுக்குச் சீதனமாகப் போயிற்று, அரசர் பறித்தார், இன்னாருக்குக் கொடுத்தார் என்று எழுநூறு ஆண்டுக் கணக்கு. நிலம் வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் பெயர் உண்டு. அதில் உழுதவர்களுக்கு அநேகமாக இல்லை. இந்தக் குறை எனக்கு ஒவ்வொரு பக்கத்திலும் உறுத்துகிறது. ஆனாலும் அவர் இல்லையென்றால் இந்த ஊர்களின் பாதிக் கதையை எங்கே போய்த் தேடுவது?

ஆறாம் தொகுதி கடைசியில் வேல்ஸ் எல்லையில் உள்ள ஒரு கடையிலிருந்து தபாலில் வந்தது. முதுகில் பெயர்ச்சீட்டு இல்லை. தோல் பொடிப்பொடியாக உதிர்கிறது. வரைபடங்கள் பட்டியல்படி அப்படியே இருந்தன. ஃபேவர்ஷம் பகுதியைத் திறந்தேன். 1781 ஏப்ரல் 17 அன்று வெடிமருந்து ஆலை வெடித்துச் சிதறியதைச் சொல்லும் இடத்தில் யாரோ பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். புத்தகத்தைப் பையில் எடுத்துக்கொண்டு போகும் துணிவு வரவில்லை. அந்தப் பத்தியை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு சார்ட் ஆலை வரை நடந்தேன்.

எட்டாம் தொகுதியில் மட்டும் ஒரு வரைபடம் இன்னும் இல்லை. அந்த ஏலத்தில் வந்தவற்றில் மாற்றக் கிடைக்காமல் மிஞ்சியது அது. அதே வரைபடத்தைச் சட்டம் போட்டு ஒரு கடையில் பார்த்தேன், விலையும் அதிகமில்லை. அதை வாங்கினால் இன்னொரு பிரதியை அறுத்தவருக்குக் கூலி கொடுத்ததாகும் என்று திரும்பிவிட்டேன். நூலகப் பிரதியிலிருந்து நகல் எடுத்து, அமிலமற்ற தாளில் அச்சிட்டு, மூலையில் "நகல்" என்று எழுதி, ஒட்டாமல் அந்த இடத்தில் வைத்திருக்கிறேன்.