பருப்புக்கீரை காட்டிக்கொடுத்த பெயர்: எட்டு மாத வண்ணத்துப்பூச்சிக் குறிப்புகள்

சென்ற ஆண்டு ஜூலையில் தொடங்கிய என் பதிவேட்டில் இன்று 41 வண்ணத்துப்பூச்சி இனங்களும் 17 அந்துப்பூச்சி இனங்களும் இருக்கின்றன. டிசம்பர் முடிவில் இரண்டும் சேர்ந்து எழுபதைத் தாண்டியிருந்தன. ஜனவரியில் எல்லாப் படங்களையும் மறுபடி எடுத்துப் பார்த்து, பெயரை உறுதிசெய்யப் போதிய அடையாளம் தெரியாதவற்றை நீக்கினேன். அதனால்தான் எண்ணிக்கை குறைந்தது. நீக்கிய படங்களில் பல, நான் எடுத்தவற்றிலேயே மிக அழகானவை.

களம் பெரிதன்று. தாம்பரத்துக்கு அருகே உள்ள எங்கள் குடியிருப்பு, அதன் மொட்டை மாடி, ஞாயிறு காலைகளில் நன்மங்கலம் காப்புக்காட்டின் ஓரம், அவ்வளவே. முதல் இரண்டு மாதம் கைப்பேசியில் எடுத்தேன்; பிறகு பழைய கேமரா ஒன்றையும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் ஒன்றையும் வாங்கினேன். எஃப் 8 துளை, 1/500 நொடி என்று வைத்துவிட்டு, சிறகின் தளத்துக்கு நேர் இணையாக லென்ஸைப் பிடித்தால், சிறகு முழுவதும் தெளிவாக விழுகிறது. சென்னை வெயிலில் ஒன்பதரைக்கு மேல் பூச்சிகள் ஓரிடத்தில் தங்குவதில்லை என்பதால், ஏழரைக்கே களத்தில் இருக்கப் பழகிக்கொண்டேன். கருவியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது அக்டோபர் மழைக்குப் பின் நன்மங்கலத்தில் எடுத்த ஒரு படத்தைப் பற்றி. ஆரஞ்சு நிறச் சிறகு, கருத்த முனை, அதில் வெள்ளைப் பட்டை. சென்னையில் எருக்கு நிற்கும் இடமெல்லாம் பறக்கும் பிளெயின் டைகர், அதாவது வெந்தய வரியன், என்று ஒரு நொடியும் தயங்காமல் எழுதிவிட்டேன். வெந்தய வரியனின் புழு எருக்கிலையைத் தின்று அதன் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்வதால், பறவைகள் அதைத் தொடுவதில்லை. அந்தப் பாதுகாப்பைப் பெறுவதற்காகவே டனாய்டு எக்ஃப்ளை என்னும் வேறொரு இனத்தின் பெண், வெந்தய வரியனின் தோற்றத்தை அப்படியே கொண்டிருக்கிறது. அதன் ஆணோ முற்றிலும் வேறு: கறுப்புச் சிறகில் ஊதா மினுக்கம் சூழ்ந்த பெரிய வெள்ளை வட்டங்கள். ஆணை அதே வாரத்தில் இருமுறை படமெடுத்திருந்தும், அதன் பெண் எங்கே என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டையும் பிரிக்கும் அடையாளம் பின்சிறகில் இருக்கிறது. வெந்தய வரியனுக்குப் பின்சிறகின் நடுப்பகுதியில் மூன்று அல்லது நான்கு கரும்புள்ளிகள் உண்டு. எக்ஃப்ளைப் பெண்ணுக்கு மேல்விளிம்பை ஒட்டி ஒரே ஒரு புள்ளி. என் படத்தில் முன்சிறகு கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது, பின்சிறகைப் புல் மறைத்திருந்தது. அதற்கு அடுத்த படம் கலங்கலாக இருந்ததால் அழித்துவிட நினைத்திருந்தேன். அதில் பூச்சி தரையோரம் இறங்கி, வயிற்றின் நுனியை வளைத்து ஒரு செடியின் இலையடியில் வைத்திருந்தது. அதே கலங்கல் படத்தைத் திரையில் பெரிதாக்கிக்கொண்டிருந்தபோது அம்மா எட்டிப் பார்த்து, “இது நம்ம பருப்புக்கீரை ஆச்சேடா, மழை பேஞ்சா தொட்டி ஓரமெல்லாம் முளைக்குமே” என்றார்.

வெந்தய வரியன் பருப்புக்கீரையில் முட்டையிடாது. எக்ஃப்ளைப் பெண்ணுக்கோ அதுதான் உணவுச்செடி. அடுத்த ஞாயிறு அதே பருப்புக்கீரைப் படர்வின் அருகே ஒன்றரை மணி நேரம் குந்தியிருந்து, சிறகை முழுவதும் விரித்த நிலையில் ஒரு பெண்ணை எடுத்தேன். பின்சிறகில் ஒரே புள்ளி. பழைய படத்தையும் அதே பெயருக்கு மாற்றினேன். அன்றிலிருந்து பூச்சி எந்தச் செடியில் இருந்தாலும், பூச்சி பறந்த பிறகு அந்தச் செடியைத் தனியாக இரண்டு படம் எடுத்துக்கொள்கிறேன். பூவில் தேன் குடிப்பது பெரிதாக எதையும் சொல்வதில்லை. இலையில் முட்டையிடுவது ஏறக்குறைய பெயரையே சொல்லிவிடுகிறது.

சிறகின் அடிப்பக்கமும் இப்படித்தான். நடைபாதைப் புல்லில் பறக்கும் சிறு நீலப் பூச்சிகளை எல்லாம் முதலில் ஒரே பெயரில் எழுதியிருந்தேன், ஏனென்றால் மேற்பக்கம் எல்லாமே மங்கிய நீலம். பேல் கிராஸ் ப்ளூவுக்கு முன்சிறகின் அடிப்பக்கத்தில், நடுவறைக்குள் (நரம்புகள் சூழ்ந்த நடுப்பகுதிக்குள்) ஒரு சிறு புள்ளி இருக்கும். லெஸ்ஸர் கிராஸ் ப்ளூவுக்கு அது இராது. சிறகை மூடி உட்காரும்போது பக்கவாட்டில் எடுத்தால்தான் அது தெரியும். மேற்பக்கம் மட்டும் எடுத்த 23 படங்களை நீக்க வேண்டியதாயிற்று. இப்போது முதலில் மூடிய சிறகு, பிறகு விரித்த சிறகு, பிறகு உடல் என்ற வரிசையில்தான் எடுக்கிறேன்.

உடலைச் சேர்த்ததற்குக் காரணம் காமன் மார்மன் என்னும் வண்ணத்துப்பூச்சி. இதன் பெண் மூன்று வடிவங்களில் வரும். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். ஒன்று காமன் ரோஸ் என்னும் வேறொரு இனத்தைப் போலவும், மற்றொன்று கிரிம்சன் ரோஸ் என்னும் இனத்தைப் போலவும் இருக்கும். ரோஸ் இரண்டும் ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி வகைச் செடிகளைத் தின்று நஞ்சேறியவை, அவற்றின் உடல் சிவப்பு. மார்மனின் உடல் எந்த வடிவத்திலும் கறுப்பு. சிறகை மட்டும் நெருங்கி எடுத்தவனுக்கு இந்த வேறுபாடு கிடைப்பதில்லை.

அந்துப்பூச்சிகளுக்கு மொட்டை மாடியில், துணி உலர்த்தும் கொடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி, முன்னே ஒரு புற ஊதா எல்.இ.டி. விளக்கை வைக்கிறேன். அமாவாசையை ஒட்டிய, காற்றில்லாத இரவுகளில் வரத்து அதிகம். இரண்டு மணி நேரத்தில் விளக்கை அணைத்துவிடுவதை விதியாக வைத்திருக்கிறேன். விடியும்வரை விட்டால், துணியிலேயே தங்கிவிடும் பூச்சிகளை மைனாக்கள் ஒன்றுவிடாமல் கொத்திவிடுகின்றன. முதல் முறை அதைப் பார்த்தபோது மிகவும் வருத்தமாக இருந்தது. துணிக்கு வந்தவற்றில் கீரைத் தோட்டக்காரர்கள் நன்கறிந்த, பழுப்புச் சிறகில் வெள்ளைப் பட்டை போட்ட சிறு அந்துப்பூச்சியே மிகுதி. செப்டம்பரில் கண்போன்ற வட்டங்களுடன் ஒன்றும், பிப்ரவரியில் வட்டமே இல்லாமல் காய்ந்த இலை போன்று ஒன்றும் வந்து உட்கார்ந்தன; இரண்டு அந்துப்பூச்சி இனங்கள் என்று பதிந்தேன். இரண்டும் ஒன்றே, அதுவும் அந்துப்பூச்சியே அன்று. விளக்கை நாடி வரும் காமன் ஈவினிங் பிரவுன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் மழைக்கால வடிவமும் வறட்சிக்கால வடிவமும் அவை. வண்ணத்துப்பூச்சிகளுக்குரிய அடையாளமாக உணர்கொம்பின் நுனி தடித்திருப்பதைப் படத்தில் பார்த்திருந்தால் முதல் பிழையாவது நேர்ந்திராது. இன்னும் 30 அந்துப்பூச்சிப் படங்களைப் பேரினம் வரை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். உடலுறுப்பை அறுத்துப் பார்த்தாலன்றிப் பிரிக்க முடியாத இனங்கள் பல உண்டு என்பதால், படத்தை மட்டும் வைத்து அவற்றுக்கு முழுப்பெயர் தருவது நேர்மையாகாது.

இந்த மாதத் தொடக்கத்தில் எங்கள் கறிவேப்பிலைத் தொட்டியில், காமன் ரோஸ் போலத் தோன்றிய, ஆனால் உடல் கறுத்த ஒரு பெண் ஐந்து முட்டைகள் இட்டுச் சென்றது. மார்மன் பெண்ணின் வடிவத்தை டபிள்செக்ஸ் என்னும் ஒரே மரபணு தீர்மானிக்கிறது என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. தாயின் வடிவம் மகள்களுக்கு அப்படியே வருமா, ஆணைப் போன்ற பெண்ணும் அதே தொட்டியிலிருந்து வருமா என்று பார்க்கவே, முட்டைகளை நாள்தோறும் ஒரே கோணத்தில் எடுத்து வருகிறேன். ஒன்று பொரிக்கவில்லை. மற்ற நான்கும் பறவை எச்சம் போன்ற பழுப்பு வெள்ளைத் தோற்றத்தில் வளர்ந்து, அவற்றில் மூன்று நேற்றுக் காலை தோலுரித்துப் பச்சை நிறத்துக்கு மாறியிருக்கின்றன.