எதிர்வீட்டு பாபாவும் ஜெர்மனிக்குப் போகும் பஸ்ஸும்

பல்கேரியாவின் தலைநகர் சோஃபியாவில் நான் வந்து இறங்கியது 2023 செப்டம்பரில். வேலை கொடுத்தவர்கள் பார்த்துக் கொடுத்த வீடு ம்லாதொஸ்ட் பகுதியில், கம்யூனிஸ்ட் காலத்தில் கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய எட்டு மாடிக் கட்டடத்தில் ஐந்தாவது மாடி. இந்த மாதிரிக் கட்டடத்தை இங்கே பனெல்கா என்பார்கள். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, சாயங்காலம் பால்கனிக் கதவைத் திறந்தால் குப்பென்று ஒரு வாசனை. எங்கள் அம்மா கத்தரிக்காயை அடுப்புத் தணலில் சுட்டுத் தோல் உரித்துத் துவையல் அரைப்பாளே, அதே கருகல் வாசனை. திருநெல்வேலியை விட்டுக் கிளம்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அழுகை வந்துவிட்டது.

எட்டிப் பார்த்தால் எதிர்வீட்டுப் பாட்டி பால்கனியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு வாளி நிறையச் சிவப்புக் குடமிளகாய், முன்னால் ஒரு சின்ன மின்சார அடுப்பு. அடுப்பு என்றால் நம்ம அடுப்பு மாதிரி இல்லை, மேலே வாய் திறந்த உருளை, உள்ளே தணல் மாதிரிச் சிவந்திருக்கும். ஒரு மிளகாயைக் காம்பைப் பிடித்து உள்ளே இறக்கி மூடுவார், ஒரு நிமிஷத்தில் எடுத்தால் தோல் முழுக்கக் கருகிக் கொப்புளித்திருக்கும், அதைப் பாத்திரத்தில் போட்டு மூடி வைப்பார். அந்த ஆவியில் வெந்து தோல் தானாகக் கழன்றுகொள்ளும். இதற்கு சுஷ்கோபெக் என்று பெயர், மிளகாய் சுடுவதற்கென்றே செய்த கருவி, எந்த வீட்டில் கேட்டாலும் ஒன்று இருக்கும். உரித்த மிளகாயைத் தக்காளி, கேரட், கத்தரிக்காயோடு அரைத்து எண்ணெய் விட்டு மணிக்கணக்கில் கிண்டினால் லியூதெனித்சா. எனக்கு அது தொக்குதான். அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், கரண்டியால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். எங்கள் ஆச்சி மாங்காய்த் தொக்குக்குச் சொன்ன பதமும் இதேதான்.

அவரை நான் பாபா என்றுதான் கூப்பிடுகிறேன். பல்கேரிய மொழியில் பாபா என்றால் பாட்டி. அவர் என்னை 'மோம்ச்சே' என்பார், பையா என்று அர்த்தம். அன்றைக்குக் கதவைத் தட்டி ஒரு பாட்டில் லியூதெனித்சாவைக் கையில் கொடுத்தார். இதில் கறி கிறி இருக்கிறதா என்று போன் மொழிபெயர்ப்பில் கேட்டேன், தலையை மேலும் கீழும் ஆட்டினார். இங்கே அதற்கு 'இல்லை' என்று அர்த்தம் என்பது எனக்கு அப்போதே தெரிந்திருந்ததால் தப்பித்தேன். போகும்போது நாலு வால்நட்டை என் கோட்டுப் பையில் போட்டு, பையைத் தட்டிக் காட்டி 'ஜோப்' என்றார். எங்கள் தாத்தா சட்டைப் பையை ஜோப்பு என்றுதான் சொல்வார். அரபிச் சொல் ஒன்று துருக்கியர் வழியாக இந்தப் பக்கமும் வேறு ஏதோ வழியில் நம்ம பக்கமும் வந்து சேர்ந்திருக்கிறது. சந்தையை இவர்கள் பஸார் என்பதும் இப்படித் துருக்கியர் வழியாக வந்த பாரசீகச் சொல்தான். அந்த ஒரு சொல் எனக்குக் கொடுத்த தைரியம் பெரிது.

பாபா அந்த செப்டம்பரில் போட்டது நாற்பது பாட்டிலுக்கு மேல். தனியாக இருக்கிற ஒருவருக்கு எதற்கு இத்தனை என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை, அட்டைப்பெட்டியைத் தூக்க முடியவில்லை, உதவ முடியுமா என்று வந்து கேட்டார். ஒவ்வொரு பாட்டிலையும் பழைய செய்தித்தாளில் சுற்றி, இடையிடையே துண்டு வைத்து, மேலே கயிறு கட்டியிருந்தார். இரண்டு பேருமாக டாக்ஸி பிடித்து ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே ஜெர்மனிக்குக் கிளம்பும் பஸ். அதன் வயிற்றுக்குள் அதே மாதிரிப் பத்துப் பதினைந்து பெட்டிகள், எல்லாவற்றிலும் பேனாவால் எழுதிய போன் நம்பர். ஓட்டுநர் கையில் காசைக் கொடுத்துவிட்டு, பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் பாபா நின்றுகொண்டே இருந்தார். மகள் ஸ்டுட்கார்ட்டில் நர்ஸாக இருக்கிறார், பேரப்பிள்ளைகள் அங்கேதான் பிறந்தார்கள். அந்த இடத்தில் நின்ற அத்தனை பேரும் பாபா வயசுக்காரர்கள், அத்தனை பேரும் அதே மாதிரிப் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சென்னை ஏர்போர்ட்டில் கண்ணாடிக்கு வெளியே என் அம்மா நின்றதை நான் அங்கேதான் சரியாகப் பார்த்தேன்.

பல்கேரியா பரப்பளவில் தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான். ஆனால் 2021 கணக்கெடுப்பில் மொத்த ஜனத்தொகை 65 லட்சம். 1980களின் கடைசியில் அது 90 லட்சத்தை ஒட்டி இருந்தது. பிறப்பு குறைந்ததும் ஒரு காரணம், போனவர்கள் திரும்பாததும் ஒரு காரணம். எங்கள் கட்டடத்திலேயே ராத்திரி விளக்கு எரியாத வீடுகள் பல. காலியாகிக்கொண்டிருக்கிற ஒரு ஊருக்குப் பிழைக்க வந்தவன் நான். இந்த நினைப்பு என்னை விடுவதே இல்லை.

கட்டடத்து வாசல் கதவில் ஏ4 தாளில் போட்டோவோடு நாலைந்து நோட்டீஸ் ஒட்டியிருக்கும். கதவில் மட்டும் இல்லை, பஸ் ஸ்டாப்பில், மரத்தில், மின்கம்பத்தில். ஆரம்பத்தில் காணாமல் போனவர்கள் என்று நினைத்துப் பதறினேன். அப்புறம்தான் தெரிந்தது, நெக்ரோலோக், இறந்தவர்களுக்கான அறிவிப்பு. இறந்த அன்று ஒட்டுவார்கள், நாற்பதாம் நாள் ஒட்டுவார்கள், ஆறு மாதம், ஒரு வருஷம், பத்து வருஷம் என்று ஒட்டிக்கொண்டே இருப்பார்கள். நம்ம ஊர்க் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான், கட்சிக்கொடியும் வண்ணமும் இல்லாமல், கறுப்பு வெள்ளையில் சின்னதாக. மேலே 'தஜென் போமென்' என்று தலைப்பு இருக்கும், துயர நினைவு. பல்கேரிய மொழியை எழுதும் கிரில் எழுத்தை நான் கூட்டி வாசித்துப் படித்தது இந்தத் தாள்களில்தான். லிஃப்டுக்காக நிற்கும் நேரம் தினமும் அதே முகங்கள், அதே பெயர்கள். மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, அவரை நான் பார்த்ததே இல்லை, ஆனால் இந்த மொழியில் நான் முழுசாக வாசித்த முதல் பெயர் அவருடையது.

எழுத்து விஷயத்தில் இவர்கள் நம்மைப் போலவே. ரஷ்ய எழுத்து என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் பாபாவுக்குக் கோபம் வந்துவிடும். ஓய்வுபெற்ற டீச்சர் அவர். கிரில் எழுத்து 9ஆம் நூற்றாண்டின் கடைசியில் பல்கேரியாவில்தான் உருவானது, ரஷ்யர்கள் பிறகு எடுத்துக்கொண்டது. மே 24 இந்த எழுத்துக்காகவே ஒரு தேசிய விடுமுறை, பள்ளிப் பிள்ளைகள் பூவோடு ஊர்வலம் போவார்கள். ஒரு எழுத்துக்கு நாடே லீவு விட்டுக் கொண்டாடுவதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த கையோடு, யூரோ என்று தங்கள் எழுத்தில் எழுதினால் 'எவ்ரோ' என்றுதான் எழுத வேண்டும், 'எயுரோ' என்று எழுதக் கூடாது என்று பிடிவாதமாக நின்று ஜெயித்தார்கள். 2013இலிருந்து வந்த யூரோ நோட்டுகளில் அது அச்சாகியிருக்கிறது. பாபா தன் பர்ஸிலிருந்து ஐந்து யூரோ நோட்டை எடுத்து அந்த நாலு எழுத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

ஆனால் அந்த யூரோ வீட்டுக்குள் வருகிறது என்றதும் அவருக்குப் பயம். 2026 ஜனவரி 1இலிருந்து யூரோ, ஜனவரி மாதம் மட்டும் இவர்களுடைய பழைய பணமான லெவாவும் செல்லும் என்று ஏற்பாடு. முந்தின ஆகஸ்டிலிருந்தே கடைகளில் எல்லா விலையும் இரண்டு பணத்திலும் எழுதியிருந்தார்கள், ஒரு யூரோவுக்கு 1.95583 லெவா. மகள் ஜெர்மனியிலிருந்து போனில், "அம்மா, இந்தக் கணக்கு ரொம்ப வருஷமாக மாறவே இல்லை, எதற்குப் பயப்படுகிறாய்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் சொன்னது சரிதான், லெவா 1997லேயே ஜெர்மன் மார்க்கோடு கட்டிப்போட்டது, பிறகு யூரோவோடு. ஆனால் பாபாவின் பயம் கணக்கில் இல்லை, அந்த 1997இல் இருக்கிறது. வங்கிகள் வரிசையாக விழுந்த பிறகு வந்த குளிர்காலம் அது, பிப்ரவரி ஒரே மாதத்தில் விலைவாசி மூன்று மடங்குக்கும் மேல் ஏறியது. கார் வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணத்தில் கடைசியில் வாங்க முடிந்தது ஒரு ஜோடி பூட்ஸ் என்றார். மகளுக்கு அப்போது பதினாறு வயசு. அந்த வருஷம்தான் வெளிநாடு போவது என்று முடிவு பண்ணினாளாம். நம்மில் 2016 நவம்பர் ராத்திரியை நினைவு வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். இந்த முறை அப்படி எதுவும் நடக்கவில்லை, மத்திய வங்கி பழைய நோட்டைக் காலவரம்பு இல்லாமல் மாற்றித் தரும். என்றாலும் ஜனவரியில் பாபா காய் வாங்கும்போது பக்கத்தில் நின்று நானும் எண்ணிக் கொடுத்தேன்.

மகள் அங்கே இருந்தாலும் ஒவ்வொரு தேர்தலுக்கும் வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறவர். 2021 ஏப்ரலிலிருந்து 2024 அக்டோபருக்குள் ஏழு நாடாளுமன்றத் தேர்தல். யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல், கூட்டணி நிலைக்காமல், மறுபடி மறுபடி. 2024 ஜூனில் ஓட்டுப் போட்டவர்கள் மூன்றில் ஒரு பங்குதான், பாபாவும் போகவில்லை. எதற்கு என்று கையை விரித்தார். 2025 டிசம்பரில்தான் வேறு மாதிரி ஒன்றைப் பார்த்தேன். சமூகக் காப்பீட்டுக்குக் கட்டும் சந்தாவை ஏற்றும் பட்ஜெட்டுக்கு எதிராகக் கிளம்பிய போராட்டம், ஊழலுக்கு எதிராகப் பெருகியது, நகர் நடுவில் பல்லாயிரம் பேர், பெரும்பாலும் இருபது வயசுப் பிள்ளைகள். பட்ஜெட்டைத் திரும்ப வாங்கிய பிறகும் கூட்டம் கலையவில்லை. டிசம்பர் 11 அன்று அரசு ராஜினாமா செய்தது, பதவிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த ராத்திரி மகள் எனக்கே போன் செய்தார். "டிவியில் பார்த்தேன், நிஜமாகவே அத்தனை பேரா? நிஜமாகவே சின்னப் பிள்ளைகளா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆமாம், நான் அந்தக் கூட்டத்தைத் தாண்டித்தான் மெட்ரோவுக்குப் போனேன் என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. ஊர்ச் செய்தியைத் தூரத்திலிருந்து கேட்கிறவர்களின் அந்த மௌனம் எனக்கு நன்றாகத் தெரியும். 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் ஊருக்குள் வந்தபோது நானும் இங்கிருந்து அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாபா கொடுத்த பாட்டில் அவருக்குத் திரும்பி வர வேண்டும், அடுத்த செப்டம்பருக்கு வேண்டுமே. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் பழக்கம். முதல் வருஷம் அந்தப் பாட்டிலில் எலுமிச்சை ஊறுகாய் போட்டுக் கொடுத்தேன், ஊரிலிருந்து கொண்டுவந்த நல்லெண்ணெய் விட்டு, காரத்தைப் பாதியாகக் குறைத்து. இரண்டு வாரம் அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் மகளிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. அம்மா பெட்டியில் ஒரு மஞ்சள் பாட்டிலும் அனுப்பியிருக்கிறாள், அதை எதோடு சாப்பிடுவது என்று.

தயிரோடு, என்று எழுதினேன். உங்கள் ஊர்த் தயிராக இருந்தால் இன்னும் நல்லது.