சித்திரை வெயிலில் ஒரு புளிப்பு ரொட்டி, பாதியில் நிற்கும் பிரம்பு நாற்காலி

நேற்று அறுத்த ரொட்டிதான் இதை எழுத வைத்தது. கத்தியை வைத்ததும் மேலோடு சடசடவென்று நொறுங்கியது. உள்ளே, நல்ல ஆப்பத்தின் நடுவில் பார்ப்போமே, அதுபோலக் கண் கண்ணாகத் திறந்திருந்தது. அடியில் பிசின் போன்ற பட்டை இல்லை, மேலே பொந்தும் இல்லை. விடுப்பில் சுட்ட ஆறாவது ரொட்டி இது. முதல் ஐந்தையும் பாலில் ஊறவைத்தும் வறுத்துப் பொடித்தும் வீட்டில் தீர்த்தோம்.

மார்ச் கணக்கை முடித்துக் கொடுத்த கையோடு 16 நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். கொல்லைக் குழாயின் கசிவும் அலமாரிக் கதவின் கீலும் முதல் இரண்டு நாளிலேயே சரியாகிவிட்டன. மூன்று வருடமாக என்னை உறுத்திக்கொண்டிருந்தவை வேறு இரண்டு. ஒன்று இந்த ரொட்டி. மற்றொன்று தாத்தாவின் தேக்கு நாற்காலி. அதன் பிரம்பு அறுந்தபோது யாரோ பிளாஸ்டிக் ஒயரைப் பின்னிவிட்டார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் சங்கடப்படும்.

மயிலாடுதுறையில் எங்கள் சமையலறை காலை ஆறு மணிக்கே 30 டிகிரி, பதினொரு மணிக்கு 33. கிடைக்கிற செய்முறைகளோ 24 டிகிரி அறைக்கு எழுதப்பட்டவை. 500 கிராம் மாவுக்கு 100 கிராம் ஸ்டார்ட்டர் (ஈஸ்ட்டுக்குப் பதிலாகச் சேர்க்கும் புளித்த மாவுக் கலவை), பொங்க ஐந்தாறு மணி நேரம் என்று அவை சொன்னதை அப்படியே நம்பினேன். முதல் இரண்டு முறையும் மாவு இழுவை இழந்து, பாத்திரத்திலிருந்து கவிழ்த்ததும் பலகையில் பரவி ஓடியது. அம்மா பார்த்துவிட்டு, "வெயில் காலத்தில் இட்லி மாவையே ஐந்து மணி நேரத்தில் எடுத்து ஃபிரிட்ஜில் வைக்கிறோம். இதற்கு மட்டும் புத்தகத்தில் போட்ட நேரமா?" என்றார். அன்றைக்கே நேரத்தை விட்டுவிட்டுச் சூட்டைப் பார்க்க ஆரம்பித்தேன்.

இப்போது என் அளவு: மைதா 400, கோதுமை மாவு 100, தண்ணீர் 340, உப்பு 10, ஸ்டார்ட்டர் 40 கிராம். ஸ்டார்ட்டருக்கு முந்தைய இரவு படுக்கப் போகும்போது ஒன்றுக்குப் பத்து மடங்கு மாவும் தண்ணீரும் கொடுக்கிறேன். சம அளவு கொடுத்தால் இந்த வெயிலில் மூன்று மணி நேரத்தில் பொங்கி அடங்கிப் புளிப்பேறிவிடுகிறது. தண்ணீரின் சூட்டுக்கு எளிய கணக்கு இருக்கிறது. பிசைந்த மாவு 26 டிகிரியில் இருக்க வேண்டுமென்றால் 26ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதில் மாவின் சூடு 32, அறையின் சூடு 33 இரண்டையும் கழித்தால் 13. அதாவது 13 டிகிரித் தண்ணீர். பானைத் தண்ணீர் போதாது, ஐஸ் வேண்டும். கையால் பிசைபவர்களுக்கு இந்தக் கணக்கு ஏறக்குறைய துல்லியமாகவே வருகிறது. பிசைந்த பாத்திரத்தை அண்டாவில் நிறுத்தி, சுற்றிலும் தண்ணீர் ஊற்றி, அவ்வப்போது நாலு ஐஸ் கட்டி போட்டால் மாவு 27ஐத் தாண்டுவதில்லை.

இதற்குப் பிறகும் மூன்றாவதும் நான்காவதும் கெட்டன. காரணம் குப்பி. மாவு எவ்வளவு பொங்கியது என்று அகலப் பாத்திரத்தில் கண்ணால் மதிப்பிட முடியாது. அதனால் பிசைந்ததிலிருந்து 40 கிராம் கிள்ளி, நேரான சுவருள்ள சின்னக் கண்ணாடிக் குப்பியில் அழுத்தி, மட்டத்தில் ரப்பர் வளையம் போட்டு வைப்பது வழக்கம். மூன்று மணி நேரத்தில் குப்பி பாதி அளவு ஏறிக் காட்டியது. நம்பி மாவை எடுத்து உருட்டினேன். வெந்த ரொட்டியில் மேலே இரண்டு பெரிய பொந்து, கீழே களி. நொதிக்காத மாவின் அடையாளம் இது என்று தெரியும், ஆனால் குப்பி வேறு சொல்கிறதே! நான்காவது முறையும் அதே கதை. கடைசியில் வெப்பமானியைக் குப்பிக்குள்ளேயே குத்திப் பார்த்தேன். குப்பி 32, பாத்திரம் 27. ஐஸ் தண்ணீரில் பிசைந்த பெரிய மாவு, அண்டாவுக்குள் குளுமையாகவே கிடக்கிறது. அதே மாவில் கிள்ளிய சின்ன உருண்டை, மேடைமேல் அரை மணி நேரத்தில் அறையின் சூட்டைப் பிடித்துக்கொள்கிறது. ஐந்து டிகிரி வித்தியாசத்தில் இரண்டும் இரண்டு வேகத்தில் ஓடுகின்றன. குப்பியை மூடி, கழுத்தளவு அதே அண்டாத் தண்ணீரில் நிறுத்தியதும் பிரச்சினை தீர்ந்தது. மாவைக் குளிரவைத்துப் பிசையும் எல்லோரும் இதை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். எனக்கு இரண்டு ரொட்டியும் நான்கு நாளும் போயின.

காலை ஐந்தரைக்குப் பிசைந்தது பன்னிரண்டு மணிக்கு 40 சதவீதம் ஏறியிருந்தது. அங்கேயே நிறுத்தினேன். இரு மடங்காகும் வரை காத்திருப்பது நம் ஊருக்கு ஆகாது. ஃபிரிட்ஜில் வைத்த பிறகும் மாவின் நடுப்பகுதி குளிர மணிக்கணக்காகிறது, அதுவரை பொங்கிக்கொண்டேதான் இருக்கும்.

ஐந்தாவது ரொட்டியில் மாவின் மேல் தவறில்லை. அடுப்பின் முள் 230இல் நிற்க, உள்ளே வைத்த வெப்பமானி 205 காட்டியது. இணையத்தில் வாங்கிய அந்த ஓ.டி.ஜி. மின் அடுப்பைப் பற்றி விற்றவர்களிடம் சொன்னால், "எல்லாவற்றிலும் அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். காசு கொடுத்து வாங்கியவருக்குச் சொல்லும் பதிலா இது? முள்ளை 250இல் வைத்து, மூடியோடு வார்ப்பு இரும்புச் சட்டியை ஐம்பது நிமிடம் காயவிட்டால்தான் உண்மையான 230 வருகிறது. ஓ.டி.ஜி.யில் நீராவி நிற்காது என்பதால் மூடி கட்டாயம். மூடியோடு 22 நிமிடம், மூடியை எடுத்துவிட்டு 20 நிமிடம்.

இனி பிரம்பு. சீர்காழிக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே தைக்காலில் சாலையோரம் வரிசையாகப் பிரம்புக் கடைகள் இருப்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பின்னுவதற்குப் பட்டையாக உரித்த பிரம்பு வேண்டும் என்றதும் ஒரு பெரியவர் நாற்காலியில் துளைக்குத் துளை என்ன இடைவெளி என்றுதான் முதலில் கேட்டார். 16 மில்லிமீட்டர் என்றேன். இரண்டரை மில்லிமீட்டர் பட்டையை எடுத்துக் கொடுத்தார். அதைவிட அகலமானால் கடைசி வரிசைகள் நுழையாது என்று விரலை மடக்கிக் காட்டி விளக்கினார். கடையிலேயே வார்னிஷ் பூசாத ஒரு சின்ன வட்டக் கூடையும் கிடைத்தது. அரிசி மாவைத் தேய்த்து அதில்தான் இப்போது ரொட்டி மாவை உருட்டி வைக்கிறேன். வெளிநாட்டுக் கூடை என்று இணையத்தில் நான்கு மடங்கு விலைக்கு விற்கிறார்களே, அதுவும் பிரம்புதான். பூச்சு இல்லாததா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.

ஒயரை அறுத்து எடுக்க ஒரு மணி நேரம். துளைகளில் அடைந்திருந்த பழைய பிரம்பையும் வார்னிஷையும் நாலு மில்லிமீட்டர் துரப்பண ஊசியைக் கையால் திருகி எடுக்க ஒரு நாள். பிறகு, ரொட்டி மாவு பொங்கும்போது அதை அவ்வப்போது மடித்துவிடும் இடைவேளைகளில் பின்னல். நெடுக்கு, குறுக்கு, மறுபடி நெடுக்கு, மறுபடி குறுக்கு என்று நாலு வரிசையும் ஓடிவிட்டன. பட்டையை இருபது நிமிடம் ஊறவைத்தால் நூல் போல வளைகிறது. இந்தக் காற்றில் பத்தே நிமிடத்தில் காய்ந்து முறுக்கேறுவதால் ஈரத்துணி பக்கத்திலேயே இருக்கிறது.

சிக்கல் ஐந்தாவது வரிசையில், முதல் மூலைவாட்டில். அது நெடுக்கு ஜோடிக்கு அடியிலும் குறுக்கு ஜோடிக்கு மேலும் போக வேண்டும். ஆறாவது வரிசை நேர் எதிர். சரியான திசையில் போனால் பட்டை மூலையில் தானாக வழுக்கி உட்காரும். மாறினால் ஓரம் உரசிச் சிம்பு கிளம்பும். மூன்று பட்டை போட்ட பிறகுதான் சிம்பைக் கவனித்தேன். மூன்றையும் உருவிவிட்டேன். முன்பக்கம் 23 துளை, பின்பக்கம் 19. பக்கவாட்டில் சில துளைகளுக்குள் இரண்டு மூலைவாட்டு நுழைய வேண்டும். எந்தத் துளையில் இரட்டை என்று பென்சிலால் குறித்து வைத்துவிட்டேன்.

விடுப்பில் இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. அடுத்த ரொட்டியில் மைதாவில் 100 கிராமைக் குறைத்துச் சம்பா கோதுமை அரைத்துச் சேர்க்கப் போகிறேன். இழுவை குறைவான கோதுமை, அதனால் தண்ணீரை 325ஆகக் குறைக்க நினைக்கிறேன். யாராவது செய்திருந்தால் அளவு சொல்லுங்கள். மணி பத்தரை. ஸ்டார்ட்டருக்கு மாவு வைத்துவிட்டு, நாளைக்கான பட்டைகளை நீளம் பார்த்து நறுக்க வேண்டும்.