கருவையோடு போன எல்லைக்கற்கள்

புதுக்கோட்டை 2024இல் மாநகராட்சியான பிறகு, நகருக்கு வெளியே சாலையோரத்தில் எங்களுக்கு இருந்த 84 செண்ட் புஞ்சையை விசாரித்து ஆட்கள் வரத் தொடங்கினர். அப்பா காலத்தில் கடலை போட்ட அந்த நிலத்தில், இருபது ஆண்டுகளாகச் சீமைக்கருவை மண்டி ஆள் நுழைய வழியின்றிக் கிடந்தது. ஒரு கிட்டங்கிக்கும் முன்புறம் நான்கு கடைகளுக்கும் வாடகைக்கு ஆள் தயாராக இருந்ததால், முதலில் நிலத்தைச் சுத்தம் செய்துவிட்டு அனுமதிக்கு அலையலாம் என்று நானும் தம்பியும் முடிவு செய்தோம். நாங்கள் செய்த பெரிய பிழை அந்த வரிசைதான்.

ஜே.சி.பி. இரண்டே நாளில் வேலையை முடித்தது. கிழக்கோரத்தில் நின்ற இரண்டு பனைகளை நெருங்கியபோது மட்டும் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, "கலெக்டர் பெர்மிஷன் இருக்காண்ணே?" என்று கேட்டார். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்ததை அவர் சொல்லித்தான் அறிந்தேன்; பனைகள் தப்பின. ஆனால் புதருக்குள் பாதி புதைந்திருந்த எல்லைக்கற்கள் மூன்றையும் அதே பக்கெட் பெயர்த்து, வேர்க்குவியலோடு ஒதுக்கியதை அவரும் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை.

விவசாய நிலத்தில் வணிகக் கட்டடம் எழுப்ப, 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி நிலப் பயன்பாட்டு மாற்றமும் திட்ட அனுமதியும் பெற வேண்டும். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, ஒவ்வொரு புல எண்ணும் யாருடையது, என்ன வகை நிலம் என்று காட்டும் வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டு நகல் எல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்தன. தாத்தா பெயரில் இருந்த பட்டாவை வாரிசுச் சான்று வைத்து மாற்றுவதற்குச் சற்றுக் கூடுதலாக அலைந்தோம். உண்மையான சிக்கல், அளவைக்கு வந்த சர்வேயர், நிலத்தின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் புலப்படத்தை விரித்துப் பிடித்து, "கல்லெல்லாம் எங்க சார்?" என்று கேட்டபோது தொடங்கியது. நில அளவைக் குறிகளைப் பேணும் பொறுப்பை 1923ஆம் ஆண்டின் சர்வே மற்றும் எல்லைகள் சட்டம் நிலத்துக்காரர் மீதே வைத்திருக்கிறது. நாங்கள் வேண்டுமென்றே கல்லைப் பிடுங்கியதாகப் பக்கத்து நிலத்துக்காரர் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்துவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ள, எங்கள் நிலத்திலும் அவருடைய வயலிலும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. புலப்படத்தின் மேற்கோரத்தில் இரட்டைக் கோடாக ஓடிய வரத்துவாரியை அப்போதுதான் உற்றுப் பார்த்தோம். கண்மாய்க்கு நீர் கொண்டுபோகும் அந்த வாய்க்கால், 'அ' பதிவேட்டில் அரசுப் புறம்போக்காகத் தனி உட்பிரிவு எண்ணோடு இருந்தது. கருவைக்குள் மறைந்து கிடந்ததை, மேடு பள்ளம் நிரவும்போது நாங்களே தூர்த்திருக்கிறோம்! பட்டாவும் 'அ' பதிவேடும் புலப்படமும் அரசின் இ-சேவைத் தளத்திலேயே பார்க்கக் கிடைப்பவை. இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன் அந்த மூன்றையும் நிலத்தில் நின்றபடி ஒப்பிட்டிருந்தால் ஒரு காலைப்பொழுது போதுமாயிருந்திருக்கும்.

வாய்க்காலை எங்கள் செலவில் மறுபடி வெட்டிக் கொடுத்தோம். மூன்று புல எண்கள் சந்திக்கும் இடத்தில் அசையாமல் இருந்த ஒரு கல்லை ஆதாரமாக வைத்து, பக்கத்து நிலத்துக்காரர் முன்னிலையில் அளந்து புதுக்கற்கள் நட்ட பிறகே அவர் ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றார். நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றும் அதன் பின்னரே கிடைத்தது. வாய்க்கால் போக மிஞ்சிய சாலை முகப்பு நாங்கள் நினைத்திருந்ததைவிட 14 அடி குறைவாக இருந்ததால், நான்கு கடைகள் மூன்றாயின. வரைபடத்தையும் புதிதாகப் போட வேண்டியதாயிற்று.

நிலத்தைச் சுத்தம் செய்த நாளிலிருந்து 14 மாதங்கள் கழித்துத் திட்ட அனுமதி ஆணை வந்தது. அடித்தளம் தோண்ட அதே ஓட்டுநரையே அழைத்தோம். அவர் வருவதற்கு முந்தைய மாலை, நானும் தம்பியும் நான்கு கற்களுக்கும் சுண்ணாம்பு அடித்து, ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்புத் துணி கட்டிய கம்புகளை நட்டு வைத்தோம்.